எரிமலைத் தீவுகளும் ஹியூம் பெருமகனாரும்

(மூன்றாமாண்டு, இளங்கலை வரலாறு)

இந்திய தேசிய காங்கிரசைத் தோற்றுவித்தவர் யார்? பள்ளி நாள்களிலிருந்து இக்கேள்விக்கு நான் விடை எழுதி வருகிறேன். ஏ. ஓ. ஹியூம் என்று எழுதினால் ஒரு மதிப்பெண். 1885 என்று ஆண்டையும் சேர்த்து எழுதினாலும் அதே ஒரு மதிப்பெண்தான். அந்த ஒரு மதிப்பெண்ணுக்கு அப்பால் அம்மனிதருக்கு ஒரு வாழ்க்கை இருந்திருக்கும் என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. எண்ண வைத்தது ஒரு பழைய பேப்பர் வண்டி. அந்தக் கதையை முதலில் சொல்லிவிட்டுத்தான் ஹியூமிடம் போக வேண்டும், நண்பர்கள் பொறுத்தருள்க.

என் ஊர் மண்டபம். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் நீரிணை. இரு கடலுக்கும் நடுவே பாய் விரித்தாற்போல் கிடக்கும் ஊர். என் தந்தையார் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர். பதினொன்றாம் வகுப்பு படிக்கையில் விடுமுறை நாள்களில் அவரோடு கடலுக்குப் போகத் தொடங்கினேன். மனோலித் தீவின் ஓரத்து மணல் திட்டுகளில் ஐப்பசி பிறந்தால் பறவைகள் வந்து இறங்கும். பங்குனி வரை இருக்கும். அவற்றை எண்ணி ஒரு நோட்டில் குறித்து வைப்பது எனக்குப் பழக்கமாயிற்று. பூநாரை எத்தனை, ஆலா எத்தனை, கடற்காகம் எத்தனை, அன்றைக்கு அடித்தது வாடையா, கொண்டலா, கச்சானா என்றெல்லாம் எழுதுவேன். பெயர் தெரியாத உள்ளான்களுக்கு நானே ஏதாவது ஓர் அடையாளம் எழுதிக்கொள்வேன். இப்படி நான்கு பருவத்தில் இரண்டு நோட்டுகள் நிறைந்தன.

ஒரு பொங்கலுக்கு முன்னால் அம்மா வீட்டை ஒழித்தார்கள். பழைய பள்ளிப் புத்தகங்களோடு என் இரண்டு நோட்டுகளும் எடைக்குப் போய்விட்டன. மாலையில் நான் வந்து கேட்டபோதுதான் அம்மாவுக்கே தெரியும். சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். கடைக்காரரின் சாக்கு மூட்டைகள் நண்பகலிலேயே லாரி ஏறிவிட்டன. இரண்டு நாள் நான் அம்மாவிடம் பேசவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்தத் துயரத்தோடுதான் விலங்கியல் மாணவர்களின் குருசடைத் தீவுப் பயணத்தில் ஒட்டிக்கொண்டேன். விவேகானந்தர் 1897இல் வந்து இறங்கிய குந்துகாலிலிருந்து வனத்துறைப் படகில் போனோம். படகில் என் முகத்தைப் பார்த்து விலங்கியல் பேராசிரியர் காரணம் கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நான்கு ஆண்டுக் குறிப்புகளை இழந்த உனக்கே இப்படி என்றால், இருபத்தைந்து ஆண்டுக் குறிப்புகளை இதேபோல் பழைய காகிதமாகப் பறிகொடுத்தவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று கேட்டார். அவர் பெயர் ஹியூம் என்றார். எந்த ஹியூம் என்று கேட்டேன். உங்கள் துறையின் ஒரு மதிப்பெண் ஹியூம்தான் என்றார். என்னைத் தேற்றுவதற்காகக் கட்டிச் சொல்கிறார் என்றே முதலில் நினைத்தேன்.

குருசடையில் இறங்கி நடந்தபோது அவர் இன்னொன்றும் சொன்னார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் பவளப் பூச்சிகள் கட்டியவை. உயிர்கள் எழுப்பிய தீவுகள். ஆனால் வங்காள விரிகுடாவில் நெருப்பு எழுப்பிய தீவுகளும் நம் நாட்டுக்கு உண்டு. அந்தமானுக்குக் கிழக்கே பேரன் தீவும் நார்க்கொண்டம் தீவும் அத்தகையவை. ஒரு சிறிய நீராவிக் கப்பலில் பறவைகளைத் தேடிக்கொண்டு அங்கெல்லாம் போனவர் ஹியூம் என்றார். அன்றிலிருந்து கல்லூரி நூலகத்திலும் வெளியிலுமாக அவரைத் தேடிப் படித்தேன். படித்ததை என் சொல்லில் தருகிறேன்.

ஆலன் ஆக்டேவியன் ஹியூம் 1829ஆம் ஆண்டு சூன் மாதம் இங்கிலாந்தில் பிறந்தார். தந்தை சோசப் ஹியூம், கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராக இந்தியா வந்து பொருளீட்டித் திரும்பிப் பின்னர் நாடாளுமன்ற உறுப்பினரானவர். ஏழைகளின் பக்கம் நின்று பேசுகிற தீவிரச் சீர்திருத்தக்காரர். மகன் ஹெய்லிபரியில் கம்பெனியின் கல்லூரியிலும், பின் இலண்டனில் மருத்துவமும் படித்துவிட்டு 1849இல் வங்காள ஆட்சிப் பணிக்கு வந்து சேர்ந்தார். யமுனைக் கரையிலுள்ள எட்டாவா மாவட்டம் அவருக்கு வாய்த்தது. அது இன்று உத்தரப் பிரதேசத்தில் இருக்கிறது.

எட்டாவாவில் அவர் செய்த முதற் காரியம் பள்ளிக்கூடம் கட்டியது. 1857ஆம் ஆண்டுக்குள் அம்மாவட்டத்தில் 181 பள்ளிகளில் 5,186 மாணவர்கள் படித்தார்கள் என்று கணக்கு இருக்கிறது. அவர்களில் பெண்கள் இரண்டே இரண்டு பேர். அந்த இருவரும் யார் வீட்டுப் பிள்ளைகளோ, பிறகு என்ன ஆனார்களோ! சாராய வருமானம் அரசுக்குப் பாவத்தின் கூலி என்று கருதிய கலெக்டர் அவர். பின்னாளில் அவ்வூரில் அவர் கட்டிய உயர்நிலைப் பள்ளியின் அமைப்பு, அவர் பெயரின் முதல் ஆங்கில எழுத்தைப்போல் இருக்கும் என்பார்கள். அந்த அளவுக்குத் தற்பெருமையும் அவரிடம் இருந்தது.

1857இல் பெருங்கலகம் மூண்டது. ஹியூம் எட்டாவாவை விட்டு ஆக்ரா கோட்டைக்குள் ஆறு மாத காலம் ஒடுங்கிக் கிடந்தார். திரும்பி வந்து, உள்ளூர் வீரர்களைக் கொண்டே ஒரு படை திரட்டி மாவட்டத்தை மீண்டும் பிடித்தார். பக்கத்து மாவட்டங்களில் மரங்களெல்லாம் தூக்கு மரங்களான அந்த நாளில், அவர் ஆணையால் தூக்கிலிடப்பட்டவர்கள் ஏழு பேர். அந்த எழுவரை நாம் மறக்க வேண்டியதில்லை. ஆயினும் அக்காலத்து ஆங்கில அதிகாரி ஒருவருக்கு அது மிகக் குறைந்த எண்ணிக்கை என்பதையும் வரலாற்று மாணவன் சொல்லியாக வேண்டும். அந்தக் கலகத்தில் அவர் ஆசையாகச் சேர்த்து வைத்திருந்த பறவைத் தோல்கள் அழிந்துபோயின. இது முதல் இழப்பு. அவர் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்.

1867இல் உள்நாட்டுச் சுங்க ஆணையரானார். இங்கே எனக்கு அவர்மேல் வருத்தம் உண்டு. உப்பு வரியை ஏய்த்துவிடாமல் தடுக்க, சிந்து நதிப் பக்கத்திலிருந்து ஒரிசாவின் எல்லை வரை ஏறத்தாழ 4,000 கிலோமீட்டருக்கு ஒரு காவல் வரிசை போட்டிருந்தார்கள். அதன் நெடுந்தொலைவில் முள்மரங்களை நட்டு உயிர்வேலியாக வளர்த்திருந்தார்கள். காவலுக்கு நின்றவர்கள் பன்னிரண்டாயிரம் பேருக்கும் மேல். ஏழை நாக்கில் வைக்கும் உப்புக்கு இப்படி ஒரு வேலி! அந்த வேலியை அக்கறையாக வளர்த்தவர்களில் முதன்மையானவர் நம் ஹியூம். வாலிநோக்கம் உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த மாவட்டத்துப் பிள்ளைகளாகிய நமக்கு இது கசக்கத்தான் செய்யும். ஆனால் வேலியின் ஓரமாக மாதக்கணக்கில் குதிரையில் சுற்றிய அந்த வேலையில்தான் வட இந்தியப் பறவைகள் பெரும்பாலானவற்றை அவர் பார்த்தார், சுட்டார், சேர்த்தார்.

ஆம், சுட்டார். இதை மறைக்க முடியாது. தொலைநோக்கியும் நிழற்படமும் இன்றுபோல் உதவாத காலம். பறவை எது என்று உறுதி சொல்ல வேண்டுமானால் அது கையில் இருக்க வேண்டும். சுட்ட பறவை வெப்பத்தில் சில மணி நேரத்தில் கெட்டுவிடும். அதற்குள் நீளம், சிறகு, வால், அலகு எல்லாம் அளந்தாக வேண்டும். கண்ணின் நிறமும் காலின் நிறமும் செத்தபின் மாறிவிடுமாதலால் உடனே குறித்தாக வேண்டும். பின் தோலை உரித்து, பாடாணம் கலந்த சோப்பைப் பூசி, பஞ்சு அடைத்து, ஊரும் நாளும் ஆணா பெண்ணா என்பதும் எழுதிய சீட்டைக் காலில் கட்டி அடுக்குவார்கள். சீட்டு இல்லாத தோல் வெறும் இறகுக் குப்பை. ஹியூம் இதில் மிகக் கண்டிப்பானவர்.

1871இல் வைஸ்ராய் மேயோ பிரபு வருவாய், வேளாண்மை, வணிகம் மூன்றுக்குமாக ஒரு புதுத் துறையை ஏற்படுத்தியபோது, அதன் செயலாளராக அமர்ந்தவர் ஹியூம். மறு ஆண்டு பிப்ரவரியில் அந்தமானைப் பார்க்கப் போன மேயோ பிரபு, போர்ட் பிளேயரில் ஷேர் அலி என்னும் கைதியின் கத்திக்கு இரையானார். அதற்கடுத்த ஆண்டு, 1873 மார்ச்சில், அதே அந்தமான் கடலுக்கு ஹியூம் கப்பல் ஏறினார், பறவைகளுக்காக.

மாதத்தைக் கவனியுங்கள். மாசிக் கடைசியும் பங்குனியும். எங்கள் ஊரில் அந்நாளில் கடல் எண்ணெய் ஊற்றினாற்போல் கிடக்கும் என்பார்கள். வாடை அடங்கி, கச்சான் எழும்புவதற்கு முன்னுள்ள அந்த இடைவெளியில்தான் சிறு கப்பல் பாறைத் தீவுகளின் ஓரம் வரை போய்ப் படகை இறக்க முடியும். துறைமுகமே இல்லாத தீவில் காற்று மாறினால் கரையேறியவர் திரும்பக் கப்பல் ஏறுவது அரிது.

உடன் வந்தவர்கள் பெரிய மனிதர்கள். புவியியல் ஆய்வுத் துறையின் ஸ்டோலிச்காவும் வாலண்டைன் பாலும் வந்தார்கள். கல்கத்தா அருங்காட்சியகத்தின் உட்-மேசன் வந்தார். இவர்களில் ஸ்டோலிச்கா நமக்கு அயலார் அல்லர். அரியலூர், திருச்சிராப்பள்ளிப் பக்கத்துப் பாறைகளிலுள்ள பழைய கடற்சிப்பிகளை வகைப்படுத்திப் பெரிய தொகுதிகளாக எழுதியவர் அவர். மறு ஆண்டே, 1874இல், மத்திய ஆசியப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக் மலையில் இறந்தார். வயது 36.

பேரன் தீவு என்றால் நம் வீட்டுப் பேரன் அல்ல. விளைவில்லாத பாழ் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். போர்ட் பிளேயரிலிருந்து வடகிழக்கே சுமார் 135 கிலோமீட்டர். பெரிய வட்டச் சுவரைப்போல் ஒரு பழைய எரிமலை வாய், அதன் நடுவில் கருஞ்சாம்பல் கூம்பாக இன்னொரு மலை. வெளிச்சுவர் மேற்கே உடைந்து திறந்திருக்கும். நெருப்புக் குழம்பு கடலுக்கு வடிந்த வழி அது. 1787இல் அது எரிவதைக் கப்பலோட்டிகள் எழுதி வைத்தார்கள். 1832க்குப் பிறகு அடங்கியது. ஹியூமின் கப்பல் போனபோது நெருப்பு இல்லை. கரையோரத்தில் வெந்நீர் ஊற்று, உச்சியில் ஆவி, கந்தகம். அவ்வளவே. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக உறங்கியது 1991இல் மறுபடி விழித்தது. அதன்பின் பலமுறை கக்கியிருக்கிறது. இந்தியாவில் உயிரோடுள்ள எரிமலை அது ஒன்றே.

நார்க்கொண்டம் அதற்கு வடக்கே, நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, தனியாக நிற்கிறது. பரப்பு ஏழு சதுர கிலோமீட்டர்கூட இல்லை. உயரமோ 710 மீட்டர். இராமேசுவரத்துக் கந்தமாதன பர்வதம் என்னும் மணல்மேட்டையே மலை என்று நம்பி வளர்ந்தவன் நான். கடலுக்கு நடுவே இப்படியொரு செங்குத்து மலையை மனத்தில் கொண்டுவரவே எனக்கு முடியவில்லை. நரக குண்டம் என்ற சொல்தான் அப்படித் திரிந்தது என்றும், உண்மையில் அப்பெயர் எரிகிற பேரன் தீவுக்கு உரியது என்றும் சிலர் கூறுவர். நார்க்கொண்டமோ நரகமாக இல்லை. நெருப்பு அணைந்து எத்தனையோ காலம் ஆகி, கரை முதல் உச்சி வரை காடு மூடிக் கிடந்தது. அத்தி இனத்து மரங்கள் மிகுதி. அந்த மரங்களில் உலகில் வேறெங்கும் இல்லாத ஓர் இருவாச்சிப் பறவை வாழ்ந்தது.

ஆண் பறவைக்குத் தலையும் கழுத்தும் செம்பழுப்பு. பெண்ணுக்கு அவை கறுப்பு. இரண்டுக்கும் வால் வெள்ளை. முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்ளும். சிறிய பிளவு ஒன்று மட்டும் இருக்கும். அதன் வழியே ஆண் பறவை பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். ஆணைச் சுட்டால் உள்ளே இருப்பவையும் பட்டினி. ஹியூம் அங்கே சில பறவைகளைச் சேர்த்தார். அந்த ஆண்டே அத்தீவின் பெயரால் அதற்கு அறிவியற் பெயரிட்டு உலகுக்கு அறிவித்தார். பறவையின் அறிவியற் பெயருக்குப் பின்னால் இன்றும் அவர் பெயரும் 1873 என்ற ஆண்டும் நிற்கின்றன.

இதையெல்லாம் நான் வீட்டில் சொன்னபோது அப்பா வலையை முடிந்துகொண்டே கேட்டார். 2001இலிருந்து கடல் அட்டை பிடிக்கத் தடை. தீவுகளில் கால் வைக்கவும் தடை. ஓர் அட்டை வள்ளத்தில் கிடந்தால் வழக்கு. அந்தத் துரை எத்தனை பறவை சுட்டார் என்று கேட்டார். பல்லாயிரம் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அதனால்தான் பறவைக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள் போலும் என்றார். எனக்கு மறுமொழி தோன்றவில்லை. அவர் சுடாமல் இருந்திருந்தால், எந்தத் தீவில் எது இருந்தது என்பதற்கே இன்று சான்று இராது என்று பேராசிரியர் சொல்கிறார். இரண்டும் உண்மையாகத்தான் இருக்கின்றன.

பயணத்தின் பயனை ஹியூம் தாமே நடத்திய பறவையியல் இதழில் எழுதினார். உதிர்ந்த இறகுகள் என்று பொருள்படும் பெயருடைய அவ்விதழ் 1872இல் தொடங்கி 1888 வரை வந்தது. வங்காள விரிகுடாத் தீவுகளைப் பற்றிய அக்கட்டுரை மட்டும் 1874ஆம் ஆண்டுத் தொகுதியில் ஏறத்தாழ 300 பக்கம். நாடெங்கும் இருந்த தோட்ட முதலாளிகளும் அதிகாரிகளும் இராணுவத்தாரும் கடிதமும் தோலும் முட்டையும் அனுப்பினார்கள். சிம்லாவில் ஜக்கோ மலைமேல் ராத்னி மாளிகையை வாங்கி, அங்கே ஓர் அருங்காட்சியகமே வைத்தார். 1875இல் கலங்கரை விளக்கங்களுக்கு இடம் பார்க்கும் அலுவலோடு கிளைட் என்னும் அளவைக் கப்பலில் இலட்சத் தீவுகளுக்குப் போனார். அவை எங்கள் ஊர்த் தீவுகளைப்போல் பவளத்தால் ஆனவை. 1881இல் மணிப்பூர் போனார்; அதுவே கடைசிப் பறவைப் பயணம். அங்கே ஒரு காடைக்காகக் கூடுதலாக ஒரு நாள் தங்கி, பெரும் புல்வெளி ஒன்றையே வெட்டிச் சாய்க்கச் சொன்னார். பேராசை என்றுதான் இதை நான் சொல்வேன்.

அலுவலில் அவருக்கு நல்ல காலம் நீடிக்கவில்லை. உழவர்களின் கடனையும் நிலத்தின் வறுமையையும் பற்றி மேலிடத்துக்குப் பிடிக்காதவற்றை ஒளிக்காமல் எழுதினார், பேசினார். 1879இல் செயலாளர் பதவியிலிருந்து இறக்கப்பட்டு அலகாபாத்துக்கு அனுப்பப்பட்டார். 1882இல் பணியைவிட்டே விலகினார். இந்தக் காலத்தில் பிரம்மஞான சபையாரின் தொடர்பு ஏற்பட்டுப் புலால் உண்பதை விட்டார். உயிர்களைக் கொல்வதிலும் மனம் கசந்தது. துப்பாக்கி கீழே இறங்கியது. ஆனால் எழுத்து இருந்தது. இந்தியப் பறவைகள் அனைத்தையும் பற்றி ஒரு பெருநூல் எழுதுவதே அவர் வாழ்நாள் நோக்கம். அதற்காக இருபத்தைந்து ஆண்டுகளாக எழுதிக் குவித்த தாள்கள் மாளிகையில் இருந்தன.

1883இல் வெளியூர் போய்த் திரும்பிய ஹியூம் தாள்கள் இருந்த இடத்தைப் பார்த்தார். பெரும்பகுதி இல்லை. வேலைக்காரர் ஒருவர் அவற்றைத் திருடிப் பழைய காகிதமாகக் கடைத்தெருவில் விற்றுவிட்டிருந்தார். சிம்லாக் கடைகளில் எதைப் பொட்டலம் கட்ட அவை பயன்பட்டனவோ! இவ்விடத்தைப் படித்தபோது நான் நூலை மூடிவிட்டு வெளியே வந்து நின்றேன். இது இரண்டாம் இழப்பு.

மூன்றாவது மழையால் வந்தது. சிம்லாவில் கடுமழை பெய்து மலைச்சரிவு இறங்கி அருங்காட்சியகம் சேதமடைந்தது. பறவைத் தோல்கள் பலவும் பாழாயின. இனி இவற்றைக் காக்கத் தம்மால் ஆகாது என்று தெரிந்துகொண்ட ஹியூம், எஞ்சியவை அனைத்தையும் இலண்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடையாகக் கொடுத்துவிட முடிவு செய்தார். 1885ஆம் ஆண்டு மே மாதம் பவுட்லர் ஷார்ப் என்ற அறிஞர் அங்கிருந்து வந்து சேர்ந்தார். தேவதாரு மரத்தில் 47 பெட்டிகள் செய்தார்கள். ஒவ்வொன்றும் அரை டன் எடை. மலையிலிருந்து இறக்கி, மாட்டு வண்டியில் ஏற்றிக் கால்கா வரை கொண்டுபோய், பம்பாயில் கப்பல் ஏற்றினார்கள். மொத்தம் 82,000 பொருள்கள். அவற்றில் 75,577 அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. வெறுமையான அந்த மண்டபத்தில் அன்றிரவு விளக்கேற்றினாரோ இல்லையோ!

இனி நம் ஒரு மதிப்பெண்ணுக்கு வருவோம். 1883 மார்ச் முதல் நாளில் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்கு ஹியூம் ஒரு திறந்த மடல் எழுதினார். தன்னலம் துறந்து நாட்டுக்கு உழைக்க ஐம்பது பேர் முன்வருமாறு அதில் கேட்டார். பறவைகளுக்காக நாடெங்கும் கடிதம் எழுதி ஆள் சேர்த்த அதே கை, இப்போது மனிதர்களுக்காக எழுதத் தொடங்கியது. புனாவில் கூட வேண்டிய முதல் மாநாடு அங்குப் பரவிய காலராவால் பம்பாய்க்கு மாறியது. 1885 டிசம்பர் 28இல் கோகுல்தாஸ் தேஜ்பால் சமஸ்கிருதக் கல்லூரியில் 72 பேர் கூடினார்கள். முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் நம் சுதேசமித்திரன் ஜி. சுப்பிரமணிய ஐயர். பறவைப் பெட்டிகள் பம்பாயில் கப்பல் ஏறிய அதே ஆண்டு, அதே நகரம்! வரலாற்று நூல்களில் முதல் செய்தி இல்லை. பறவை நூல்களில் இரண்டாவது செய்தி அரை வரிதான் இருக்கிறது.

கொதித்த கலத்துக்கு ஆவி போக வழிவிட்டவர் அவர், ஆங்கில ஆட்சியைக் காக்கவே காங்கிரசை அமைத்தார் என்று ஒரு கட்சி உண்டு. நம் துறையில் இதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் மணி அடித்தாலும் முடியாது. அவர் எண்ணம் எதுவாயினும், பல ஆண்டுகள் காங்கிரசின் பொதுச் செயலாளராகத் தம் கைப்பொருளைச் செலவழித்தார். உழவர்களுக்காகத் துண்டறிக்கைகள் அச்சிட்டார். ஆட்சியாளரின் வெறுப்பைச் சம்பாதித்தார். 1887இல் சென்னையில் கூடிய மூன்றாவது மாநாட்டையொட்டிக் காங்கிரசின் கொள்கையை வினா விடையாக விளக்கும் சிறு நூல் தமிழிலும் பரவியது. அந்த வேலைகளுக்கு நடுவே பறவை அவர் வாழ்வில் திரும்பி வரவேயில்லை. திருடர் விட்டுவைத்த குறிப்புகளை யூஜின் ஓட்ஸ் என்பவரிடம் கொடுத்தார். ஓட்ஸ் அவற்றைத் தொகுத்துச் சரிபார்த்து, இந்தியப் பறவைகளின் கூடுகளும் முட்டைகளும் பற்றிய நூலை 1889, 1890ஆம் ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்.

1894இல் ஹியூம் இந்தியாவை விட்டு இலண்டன் சென்றார். முதுமையில் செடிகொடிகளைச் சேர்க்கத் தொடங்கினார். பறிப்பதும் உலர்த்துவதும் தாளில் ஒட்டிச் சீட்டு எழுதுவதுமாக மறுபடியும் அதே பழைய பழக்கம். துப்பாக்கி மட்டும் இல்லை. தாம் சேர்த்தவற்றை உழைக்கும் மக்களும் வந்து பார்த்துப் படிக்கும்படி 1910இல் தென்னிலண்டனில் ஒரு தாவரவியல் நிலையத்தை நிறுவினார். அது இன்றும் இருக்கிறது. 1912 சூலை 31இல் இறந்தார். வயது 83.

நார்க்கொண்டத்தில் இப்போது 1969 முதல் ஒரு காவல் நிலையம் உண்டு. வேறு குடிகள் இல்லை. இருவாச்சிகள் சில நூறு இருக்கின்றன. அங்கே ஒரு ராடார் அமைக்கும் திட்டம் பறவைகளைக் கருதி 2012இல் மறுக்கப்பட்டது. பின்னர் 2014இல் இசைவு தரப்பட்டது. ஹியூம் கொண்டுபோன பறவைத் தோல்கள் இங்கிலாந்தில் ட்ரிங் என்னுமிடத்திலுள்ள அருங்காட்சியக இழுப்பறைகளில், காலில் சீட்டோடு மல்லாந்து கிடக்கின்றன.

என் நோட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஓட்ஸ் செய்ததைக் கேட்ட அம்மா, எழுதியவன் நீதானே, நினைவிருப்பதை மறுபடி எழுதக்கூடாதா என்று கேட்டார்கள். எனக்கு எண்கள் நினைவில்லை. ஆனால் அப்பாவுக்கு நாள்கள் நினைவிருந்தன. கார்த்திகை வாடையில் வலை கிழிந்த அன்று மனோலித் திட்டில் பூநாரைகள் கிழக்கோரமாக நின்றதையும், கணவாய் நிறையப் பட்ட அன்று ஆலாக்கள் வள்ளத்தின் மேலேயே சுற்றியதையும் அவர் காற்றோடும் பாட்டோடும் சேர்த்துச் சொல்கிறார். அவர் சொல்லச் சொல்ல, புதிய நோட்டில் இதுவரை பதினொரு நாள்களை எழுதியிருக்கிறேன்.